விளையாடும் குழந்தையும் பார்த்திருக்கும் ஆசிரியையும்

(பரமத்தி வேலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கு இலக்கியமும் சரித்திரமும் சமயமும் பொருளாக அமைவதே வழக்கமாயிருக்க, மூன்று வயதுக் குழந்தை மண்ணில் அமர்ந்து விளையாடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்று கேட்ட உங்கள் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். இப்பொருளைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் ஒன்றே. சிறு குழந்தைகளின் ஆசிரியைக்கு வேண்டிய திறமைகளுள் தலையாயது, குழந்தை விளையாடும்போது அதனைக் கருத்தூன்றிப் பார்த்திருக்கும் திறமை. நம் ஏற்பாடுகள் அவளிடமிருந்து முதலில் பறித்துக்கொள்வதும் அந்தப் பார்க்கும் நேரத்தையே.

ராஜவாய்க்கால் பாயும் இந்தப் பக்கத்தில், பாண்டமங்கலத்திலும் பொத்தனூரிலும் வேலூரிலும், கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையைப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து அடுக்குவதைக் காணாத குழந்தை இல்லை. 100 இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்னும் கணக்கு பெரியவர்களுடையது. ஆயினும் திண்ணையின் ஓரத்தில் நிற்கும் நான்கு வயதுச் சிறுமி, அடுத்த நாள் பூவரச இலைகளைப் பறித்துவந்து, காம்புகளெல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கிழிந்ததையும் பூச்சி அரித்ததையும் ஒதுக்கித் தள்ளி, வாழைநாரால் சுற்றிக் கட்டிப் பாட்டியிடம் விலை பேசுகிறாள். ஏழுக்குப் பிறகு அவளுக்கு எண் தடுமாறுகிறது. ஏழு, ஒன்பது, ஏழு, பத்து என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அதனால் என்ன குறைந்துவிட்டது? தரத்தால் இனம் பிரித்தாள், ஒழுங்காக அடுக்கினாள், ஒரு சொல்லுக்கு ஓர் இலை என்று ஈடு வைத்தாள், முடிச்சுப் போட விரல்களைப் பழக்கினாள், விலை கேட்பவரின் மனத்தைத் தன் மனத்தால் அளந்தாள். இத்தனையும் ஒரே பிரயாசையில், யாரும் ஏவாமல் நிகழ்ந்தன. இதே போன்று, வாழைத்தார் ஏலம் நடக்கும் மண்டிக்குத் தகப்பனோடு போய்வந்த சிறுவன், பூவன் என்றும் ரஸ்தாளி என்றும் செங்கல் துண்டுகளுக்குப் பெயர் வைத்து, ஏலக்காரரின் குரலை அப்படியே வாங்கி, தெருவையே மண்டியாக்கிவிடுகிறான். விலை ஏறும்வரை காத்திருக்கவும், தான் விரும்பிய தார் பிறனுக்குப் போகும்போது அதைப் பொறுத்துக்கொள்ளவும் அவன் அங்கே பழகுகிறான். வயது வந்தவர்களுள் எத்தனை பேருக்கு அது இன்னும் கைவரவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

இந்தப் பொறுத்துக்கொள்ளுதலைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் ருஷ்ய தேசத்து மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி. 1933ஆம் ஆண்டு அவர் லெனின்கிராடில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், விளையாட்டென்பது குழந்தை தன் மனம் போனபடி நடக்கும் நேரம் என்ற பொதுக் கருத்தை மறுத்தார். வேறொருவர் எழுதிவைத்த ஒரு செய்தியை அவர் எடுத்துக்காட்டினார்: ஐந்தும் ஏழும் வயதான இரு சகோதரிகள் ஒருநாள், நாம் அக்காள் தங்கையாக விளையாடுவோம் என்று தமக்குள் பேசிக்கொண்டார்களாம். உண்மையிலேயே அக்காள் தங்கையாயிருப்பவர்கள், அந்த விளையாட்டில் மட்டும் அக்காள் எப்படி நடக்கவேண்டும், தங்கை எப்படி நடக்கவேண்டும் என்று நினைத்து நினைத்து நடந்தார்கள். வாழ்க்கையில் அறியாமலே கடைப்பிடித்த விதி, விளையாட்டில் அறிந்து கடைப்பிடிக்கும் விதியாயிற்று. தென்னமட்டையைக் குதிரையாக்கி ஓட்டும் சிறுவனுக்கும் இதே நிலைதான். மட்டை கண்ணுக்குத் தெரிகிறது, குதிரை மனத்திலிருக்கிறது, கண்ணில் பட்டதை விட்டு மனத்திலிருப்பதன்படி நடக்கும் ஆற்றல் அங்கே பிறக்கிறது. ஒரு கோடு ஓர் ஓசையைக் குறிக்கும் என்று பின்னாளில் ஏற்றுக்கொள்ள வேண்டிய குழந்தை, ஒரு மட்டை ஒரு குதிரையைக் குறிக்கும் என்று முன்னாளில் ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும்.

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனிப்பது மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணவேண்டியதில்லை. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள், தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கும், கைகொட்டும் சப்பாணிக்கும், தளர்நடையிட்டு வரும் வாரானைக்கும், நிலவைக் கைநீட்டி அழைக்கும் அம்புலிக்கும் தனித்தனிப் பருவம் வகுத்து, அவற்றுக்குப் பின்னரே மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றிலையும், சிறுபறையையும், சிறுதேரையும் வைத்தார்கள். உடம்பின் அசைவு முதலில், உறவு அடுத்து, கற்பனையும் கருவியும் பிறகு என்ற முறை அதில் இருக்கிறது. பாடப்பட்டவர் தெய்வமாகவோ அரசராகவோ இருந்தாலும், புலவர் பார்த்தது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கொடிக்கால் சூழ்ந்த ஊரில் பேசுகிறவர்கள், குழந்தையைக் கொடிக்கும் ஆசிரியையை அது படரும் அகத்திக்கும் ஒப்பிட்டுவிட்டு அமர்வதே எளிது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் ஊரில் சிறுவர் பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குத் தோட்டத்தின் பெயரையே சூட்டிய பிரோபெலும் அவ்வழி சென்றவரே. எனக்கு அவ்வுவமை முழுதும் சம்மதமில்லை. கொடி தன் கொழுகொம்பைத் தானே செய்துகொள்வதில்லை. விளையாடும் குழந்தையோ தான் ஏறவேண்டிய கொம்பைத் தானே நட்டுக்கொள்கிறது. ஆசிரியைக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி அதனால்தான் கடினமாகிறது.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் நம் தமிழ் நாட்டிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் பயிற்சியளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அவர் பகை நாட்டவராகக் கருதப்பட, மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டியே மரியோவை விடுவித்தார்கள். பின்னர் அம்மையார் 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்து, மலைச் செடிகளையும் பூச்சிகளையும் பாடமாக்கிக் கற்பித்தார். மருத்துவராகப் பயின்றவராதலால், நோயாளியைப் பார்ப்பதுபோல் தம் அபிப்பிராயத்தை ஒதுக்கிவைத்துக் குழந்தையைப் பார்க்க அவரால் முடிந்தது. ஆசிரியரின் பயிற்சியில் அவதானிப்பையே அவர் முதலாக வைத்தார். கற்பனை விளையாட்டுக்கு அவர் உரிய இடம் தரவில்லை என்பது என் குறை. பூவரச இலையை வெற்றிலையாக்கிய நம் சிறுமியைவிட, உண்மை வெற்றிலையை அடுக்கக் கற்ற சிறுமியையே அவர் மேலாக மதித்திருப்பார்.

அவருடைய முறையை நம் கிராமத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தவர்கள் குஜராத்தியரும் மராட்டியருமாவர். பவநகரில் 1920இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவும், அவரோடு உழைத்த தாராபாய் மோடக் அம்மையாரும் விலையுயர்ந்த மரச்சாதனங்களுக்குப் பதிலாக நம் நாட்டுப் பொருள்களையும் பாட்டையும் கதையையும் நாடகத்தையும் சேர்த்தார்கள். 1945இல் போர்டியிலும் 1957 முதல் கோஸ்பாடிலும், தாராபாயும் அனுதாய் வாக் அம்மையாரும் பழங்குடிக் குழந்தைகளிடையே பணிபுரிந்தபோது, குழந்தைகள் பள்ளிக்கு வராமையால் பள்ளியே அவர்கள் முற்றத்துக்குப் போயிற்று. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் விதையும் இலையும் அங்கே சாதனங்களாயின. இன்று தேசமெங்கும் நடக்கும் அங்கன்வாடிக்கு முன்மாதிரி அதுவே.

இனி வேலைக்கு வருவோம். குழந்தையின் விளையாட்டுக்கு ஆசிரியை செய்யவேண்டியவற்றுள் முதலாவது, நேரத்தைக் காப்பது. ஏலம் விளையாட முனையும் ஐந்து குழந்தைகள், யார் ஏலக்காரர், யார் வியாபாரி, எது மண்டி என்று தீர்த்துக்கொள்வதற்கே கால் மணி ஆகிவிடும். அவர்கள் தொடங்கியவுடன் கைதட்டி அடுத்த பாட்டுக்கு அழைத்துவிட்டால், ஏற்பாட்டுக்குரிய சிரமம் மட்டும் மிஞ்சுகிறது. குறுக்கீடில்லாத முக்கால் மணியாவது காலையில் வேண்டும். அடுத்தது பொருள்கள். கொட்டாங்குச்சி, சோளத்தட்டை, வாழைப்பட்டை, நுங்கு வண்டி, பழைய புடைவை, தண்ணீர், மணல் ஆகிய இவற்றுக்கு நிகரான விளையாட்டுப் பொருள்களைக் கடையில் நான் கண்டதில்லை. ஆற்று மணல் லாரிச் சரக்காகிவிட்ட இந்நாளில், காவிரிக் கரையிலேயே ஓர் அங்கன்வாடி மையத்துக்கு மணற்குழி வேண்டுமென்றால் நூறு பேரைக் கேட்கவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. மூன்று வயது நிரம்பாதவர்கள் உள்ள இடத்தில் மட்டும் புளியங்கொட்டை, சிறு கல் முதலானவை தொண்டையில் சிக்கும் என்ற ஜாக்கிரதை வேண்டும். அரசாங்கம் அனுப்பும் பொம்மைப் பெட்டிகளைப் பற்றி ஒரு சொல்: உடைந்தால் கணக்குக் காட்டவேண்டுமே என்ற அச்சத்தால் அவை பீரோவில் பூட்டிக் கிடப்பதுண்டு. அச்சத்துக்குக் காரணம் ஆசிரியையல்லள். விளையாடி உடைந்த பொம்மையைச் செலவில் எழுதிக்கொள்ளும் கணக்கு நம்மிடம் இல்லை.

பிறகு, பார்த்திருத்தல். சும்மா உட்கார்ந்திருப்பது வேறு, இது வேறு. எந்தக் குழந்தை எதை எடுக்கிறது, எதைக் கையில் வைத்தும் பயன்படுத்தத் தெரியாமல் நிற்கிறது, யாருடன் பேசுகிறது, சென்ற வாரம் தனியே அடுக்கியவள் இந்த வாரம் இன்னொருத்தியிடம் இலை கேட்டாளா என்பவற்றை மனத்தில் குறித்துக்கொண்டே இருக்கவேண்டும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அம்மையார் சிறு பிள்ளைகளின் விளையாட்டை நெடுநேரம் உற்று நோக்கி 1932இல் எழுதிய ஆராய்ச்சியில், தனியே விளையாடுதல், அருகருகே இருந்தும் தனித்தனியே விளையாடுதல், சேர்ந்து விளையாடுதல் என்ற வகைகளோடு, பிறர் விளையாடுவதைப் பார்த்து நிற்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். நம் மையங்களில் தூணோரம் நிற்கும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விடுவது வழக்கம். அக்குழந்தை அப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. பல நாளாகியும் அது தூணை விட்டு வரவில்லையென்றால், காது கேட்கிறதா, வீட்டில் ஏதேனும் துயரமா என்று விசாரிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை அறிவதற்கும், முந்தைய நாட்களில் பார்த்திருந்தால்தானே முடியும்?

எப்போது உள்ளே நுழைவது என்பதே இக்கலையின் நுட்பம். வெற்றிலை அடுக்கும் சிறுமியிடம் போய், இது என்ன நிறம், எத்தனை இலை, எண்ணிச் சொல் என்று கேட்கும் ஆசிரியை, நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறாள். அந்தக் கணமே கடை மூடிவிடுகிறது, வியாபாரியாயிருந்தவள் மாணவியாகி எழுந்து நிற்கிறாள். வேறோர் ஆசிரியை வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் பாவனை செய்து, "ஏனுங்க, வளைகாப்புக்கு ரெண்டு கவுளி வேணுங்க, என்ன வெலைங்க?" என்று வந்து நின்றால், சிறுமி இரண்டு கட்டுகளை எடுக்கவேண்டும், விலை சொல்லவேண்டும், குறைத்துக் கேட்டால் மறுக்கவேண்டும், வளைகாப்புக்கென்றால் வேறென்ன வேண்டும் என்ற யோசனை அவளுக்கே தோன்றி, பக்கத்தில் பூக்கடை ஒன்று முளைத்துவிடுகிறது. எண்ணும் பாஷையும் இரண்டு வழியிலும் வந்தன. ஒன்றில் விளையாட்டு இறந்தது, மற்றொன்றில் பெருகிற்று. பெருகியதும் ஆசிரியை வெற்றிலையை வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும். அங்கேயே நின்று தானே கடையை நடத்தத் தொடங்குவதும் ஒரு குற்றமே. உற்சாகமுள்ள இளம் ஆசிரியைகளிடம் இதனை அடிக்கடி காண்கிறேன், அவர்களைக் கடிந்துகொள்ளவும் மனம் வருவதில்லை.

சண்டை வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல், அடி விழாதபடி அருகில் இருந்து, இருவர் சொல்வதையும் ஒருவருக்கொருவர் கேட்கும்படி எடுத்துச் சொன்னால் போதும். அடுப்பங்கரை விளையாட்டுக்குப் பெண்களையும், லாரி ஓட்டுவதற்கு ஆண்களையும் பிரித்து உட்காரவைக்கும் பழக்கத்தை, லாரித் தொழிலுக்குப் பேர்போன இந்த நாமக்கல் மாவட்டத்தில்கூட விட்டுவிடலாம். நடக்க முடியாத குழந்தை ஒன்றிருந்தால் ஏலக்காரர் வேடம் அதற்கு நன்றாகப் பொருந்தும், மண்டியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே. இப்படி வேடங்களுக்குள் வழி கண்டுபிடிப்பது ஆசிரியையின் புத்தியைப் பொறுத்தது.

இவையெல்லாம் சொல்ல எளியவை. செய்யவேண்டியவள் யார், அவள் கையில் வேறென்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தேசத்தில் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. 1980 முதல் உலக வங்கியின் உதவியோடு நம் மாநிலத்தில் நடந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு மெலிந்தவர்களைக் கண்டறியும் முறையைப் பல ஊர்களில் பரப்பிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசாங்கம் தொடங்கிய சத்துணவு, இரண்டு வயது முதல் குழந்தைகளுக்கு நண்பகல் சோறு தந்தது. இவற்றின் புண்ணியத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். பசித்த குழந்தை அழுவதற்கு முன்பே விளையாட்டை நிறுத்திவிடும். உண்டி கொடுத்தவர்கள் விளையாட்டையும் கொடுத்தவர்களே. நாமக்கல் பண்ணைகளின் முட்டை வாரம் மூன்று நாள் அத்தட்டில் விழுகிறது என்பது இம்மாவட்டத்தார் பெருமைப்படத்தக்க செய்தி.

ஆனால் சோறு, எடை, சத்துமாவுப் பொட்டலம், கர்ப்பிணிகளின் பதிவு, தடுப்பூசி நாள், வீடுகளுக்குப் போய்வருதல், முன்பு பதிவேடுகளிலும் இப்போது கைப்பேசியிலும் ஏற்றவேண்டிய விவரங்கள் ஆகிய அனைத்தும் ஒரே ஆசிரியையின் தலையில் ஏறின. மாநிலத்திலுள்ள 54,000க்கும் மேற்பட்ட மையங்களுக்கும் இதுவே பொதுவிதி. ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற அழகிய பாடத்திட்டம் ஒன்றை அரசாங்கம் வகுத்துத்தான் இருக்கிறது. ஆடவும் பாடவும் விளையாடவும் பாப்பா ஆயத்தமாயிருக்க, பார்க்கவேண்டியவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் சுபாவத்தின் குறையன்று. பதிவு தவறினால் விளக்கம் கேட்பார்கள். பார்வை தவறினால் கேட்பவர் எவருமில்லை.

இது வெறும் புலம்பலாகப் போகாமல், அளந்தே காட்டப்பட்டிருக்கிறது. கார்த்திக் முரளீதரன் முதலான மூன்று பொருளாதார அறிஞர்கள், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றுள் ஒரு பாதிக்கு மட்டும், குழந்தைகளின் கல்வியை மட்டுமே கவனிக்க அரைநாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தும்படி அரசாங்கத்தோடு சேர்ந்து ஏற்பாடு செய்து, பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு இரு பாதிகளையும் ஒப்பிட்டார்கள். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது: பழைய ஆசிரியைக்குப் போஷாக்குப் பணிக்கு நேரம் கிடைத்தமையால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் தொகையும் குறைந்தது. அவர்கள் பாடத்தை அளந்தார்களேயன்றி விளையாட்டை அளக்கவில்லை என்பது என் மனக்குறை. ஆயினும் புதிய முறையும் புதிய சாதனமும் செய்யாததை இன்னொரு மனிதரின் இருப்பு செய்தது என்ற அளவில், அந்த ஆராய்ச்சி என் கட்சிக்குச் சாட்சி.

விளையாட்டையே அளந்த ஆராய்ச்சி வேண்டுமானால் ஜமைக்காவுக்குப் போகவேண்டும். கிங்ஸ்டன் நகரத்தில் 1980களின் நடுவில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குச் சத்துணவும், சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து வீட்டிலேயே செய்த பொம்மைகளால் தாயோடு சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுக்கும் சுகாதார ஊழியரும், சிலருக்கு இரண்டுமாக ஈராண்டுகள் அளித்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, அந்த விளையாட்டைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கால்பங்கு அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊழியர்கள் பெரும் படிப்புப் படித்தவர்களல்லர். நம் ஊர் ஆயாவுக்கு நிகரானவர்கள்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. கோழிப்பண்ணைக்கும் விடுதிப் பள்ளிக்கும் ஒருசேரப் பேர்பெற்ற மாவட்டம் இது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, மூன்று வயதில் எழுத்துத் தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று நம்பி, மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிறோம். 2019 ஜனவரியில் அரசாங்கமே 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியதற்கும் இந்த நம்பிக்கையின் நெருக்கடி ஒரு காரணமாயிருக்கவேண்டும். பால்வாடியில் சும்மா விளையாடத்தானே விடுகிறார்கள் என்று குறைசொல்லும் தாய், வாழைநாரில் முடிச்சுப் போடும் தன் மகளின் விரல்களைச் சற்று நின்று பார்க்கட்டும். பென்சில் பிடிக்க அந்த விரல்களே வரவேண்டும். நாரைக் கட்டிப் பழகாமல் பென்சிலுக்கு வந்த விரல்கள் ஐந்து நிமிஷத்தில் வலியெடுத்து ஓய்ந்துவிடும்.

சபையில் அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பதற்கு மூன்று காரியங்கள் உண்டு. அரைநாள் ஊழியர் ஒருவரை அரசாங்கம் நியமிக்கும் வரையில், இவ்வறக்கட்டளையின் வருவாயில் ஒரு பங்கைக் கொண்டு இவ்வட்டாரத்தின் ஒரு மையத்திலாவது அதனைச் செய்து பார்க்கலாம். கவுளி அடுக்கி அடுக்கிக் கண் மங்கிய பாட்டிமார் பலர் பகலில் திண்ணையில் தனியே இருக்கிறார்கள்; ஆசிரியையின் பார்வையில், வாரம் இரண்டு நாள் அவர்கள் மையத்துக்கு வந்து அமர்ந்தால், பல்லாங்குழியும் கதையும் விடுகதையும் தாமே நடக்கும், ஆசிரியைக்கும் அந்த முக்கால் மணி கிடைக்கும். மூன்றாவது காரியத்துக்குப் பணம் வேண்டியதில்லை. மையத்தைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளர், எத்தனை எழுத்து எழுதுகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னர், ஏதேனும் ஒரு குழந்தையைச் சுட்டி, இவன் நேற்று என்ன விளையாடினான் என்று ஆசிரியையைக் கேட்கட்டும். முதல் மாதம் விடை வராது. கேள்வி மாறாமல் வந்துகொண்டிருந்தால், ஆறு மாதத்தில் ஆசிரியை சொல்லத் தொடங்குவாள். அப்போது மேற்பார்வையாளர் அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்கவேண்டும், ஏனெனில் அது சிறிது நீளமாகத்தான் இருக்கும்.